பாலக்கோட்டில் இருந்துகொண்டே ஐஐடி பாடம் படிப்பது எப்படி

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுவது என் வேலை. விடியும் முன்பே வண்டிகள் வந்து நிற்கும். ஏலம் முடிந்து, கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து ஒவ்வொரு விவசாயிக்கும் சீட்டு போட்டுக் கொடுத்து நோட்டை மூட மதியம் ஆகிவிடும். அதற்குப் பிறகு கிடைக்கிற நேரத்தில்தான் புள்ளியியல் படித்தேன், கணினியில் கணக்குப் போடப் பழகினேன், இப்போது நிதிக் கணக்கியல் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பாடங்கள். நான் தர்மபுரியில் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு படித்தவள். "உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் புரியுது?" என்று மண்டிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடத்தைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்

இலவசப் பாடம் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். எதைப் படிப்பது என்று பார்த்துப் பார்த்தே ஒரு வாரம் போய்விடும். அதனால் முதலில் இணையத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் வேலையிலோ வீட்டிலோ பதில் தெரியாமல் உறுத்துகிற ஒரு கேள்வியை நோட்டில் எழுதுங்கள். சொட்டுநீர்க் குழாயில் கடைசிச் செடிக்கு ஏன் தண்ணீர் குறைவாகப் போகிறது? பட்டுப்புழுவுக்கு நோய் எப்படிப் பரவுகிறது? நகைக்கடனுக்கு வட்டியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? இப்படி ஒன்று போதும்.

எனக்குக் கேள்வியைக் கொடுத்தவர் மாரண்டஅள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர். "இந்த வாரம் சராசரியா என்ன விலைம்மா போச்சு?" என்று கேட்டார். விலைகளைக் கூட்டி நாட்களால் வகுத்துச் சொன்னேன். "அந்த விலை எனக்கு ஒரு நாளும் வரலையே" என்றார். அவர் சொன்னது உண்மை. ஒரு உதாரணம் பாருங்கள்: ஐந்து நாளில் ஒரு கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) தக்காளி 300, 320, 310, 900, 280 ரூபாய்க்குப் போனது என்று வையுங்கள். கூட்டி வகுத்தால் 422. ஆனால் அந்த விலையையோ அதற்குப் பக்கத்தில் ஒரு விலையையோ யாரும் பார்க்கவே இல்லை. விலைகளை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 310. அதுதான் இடைநிலை அளவு. அந்த 900 ரூபாய் நாளில் சரக்கு குறைவாக வந்ததால்தானே விலை ஏறியது? அப்படியானால் வந்த கிரேட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் முறையே 200, 180, 190, 40, 210 கிரேட் வந்ததாக வைத்தால், மொத்தப் பணம் 2,71,300 ரூபாய், மொத்தம் 820 கிரேட். வகுத்தால் கிட்டத்தட்ட 331. இது நிறையிட்ட சராசரி.

422, 310, 331 என்று ஒரே சந்தைக்கு மூன்று விடை. எந்தக் கேள்விக்கு எந்த விடையைச் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் புள்ளியியல் பக்கம் போனேன். கையில் கேள்வி இருந்ததால், பாடம் வறண்டு போன இடங்களிலும் விட்டுவிட்டு எழுந்து போகத் தோன்றவில்லை. பாதியில் நின்றுபோகிற பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தப் பாடத்திடம் கேட்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கே படிப்பது

நம் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்வயம். மத்திய அரசின் தளம், 2017 ஜூலையில் தொடங்கியது. இதற்குள்ளேயே பல நிறுவனங்கள் பாடம் நடத்துகின்றன. பொறியியல், அறிவியல், கணிதம் என்றால் என்பிடெல். மேலாண்மை, கணக்கியல் என்றால் ஐஐஎம் பெங்களூரு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடங்களுக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ். பட்டயப் படிப்பு அளவிலான பாடங்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ.

இதில் என்பிடெல் பழையது. 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஆரம்பித்தது. ஐஐடி மெட்ராஸும் அந்த ஏழில் ஒன்று. 2014-இலிருந்து வாரப் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் என்று ஒழுங்கான வகுப்பாகவே நடத்துகிறார்கள். சேர்வதற்குத் தகுதி எதுவும் கேட்பதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து அனுப்பப்பட்ட பெண்கள் எங்கள் பக்கம் நிறைய. டிகிரி இல்லை, வயது போய்விட்டது என்று அவர்கள் ஒதுங்கி நிற்கத் தேவையே இல்லை. ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் ஐஐடி வகுப்பில் உட்காரலாம்.

பாடங்கள் 4, 8, 12 வாரம் என மூன்று அளவில் இருக்கும். பெரும்பாலானவை ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். முதல் முறை என்றால் நான்கு வாரப் பாடத்தையே எடுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் ஊரில் ஒரு திருவிழா, வீட்டில் ஒரு காய்ச்சல், சொந்தத்தில் ஒரு கல்யாணம் கட்டாயம் வரும். சேர்வதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய பாடங்களின் காணொளிகள் என்பிடெல் தளத்தில் பதிவு செய்யாமலே பார்க்கக் கிடைக்கும். முதல் வாரத்து வகுப்பில் இரண்டு பார்த்துவிட்டு, அந்தப் பேராசிரியரின் பேச்சும் வேகமும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு, மதிப்பெண் இல்லாத பூஜ்ய வாரப் பயிற்சி ஒன்று வரும். இந்தப் பாடத்துக்குத் தேவையான அடிப்படை நம்மிடம் இருக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அதில் ஒன்றுமே புரியவில்லை என்றால் பாடத்தை விட்டுவிடலாம். விலகினால் எந்த நஷ்டமும் இல்லை.

கணினியே இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் ஸ்வயத்துக்கு முன்னால் ஸ்போக்கன் டுடோரியலுக்குப் போங்கள். ஐஐடி பம்பாயின் திட்டம். லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், சி, பைத்தான் போன்ற காசில்லாத மென்பொருள்களைச் சொல்லித்தரும் சின்னச் சின்னக் காணொளிகள். பலவற்றுக்குத் தமிழிலேயே குரல் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர்களுக்கு, கட்டங்களில் எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்க்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பற்றிய வரிசை ஒன்றே பெரிய சொத்து. இதைப் படிக்கும் முறையே தனி. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் காணொளி, இன்னொரு பக்கம் கால்க் என்று திறந்து வைக்க வேண்டும். காணொளியில் சொல்லித்தருகிறவர் ஒரு கட்டத்தில் தொகையை எழுதினால் நிறுத்திவிட்டு நாமும் எழுத வேண்டும். அவர் கூட்டல் போட்டால் நாமும் போட வேண்டும். பத்து நிமிடக் காணொளிக்கு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். அவர் கொடுக்கும் எண்களை ஒரு முறை போட்ட பிறகு அதே கட்டங்களில் உங்கள் கடைக் கணக்கை, பால் கணக்கை, மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று சராசரியையும் நான் கால்க்கில் போட்டுப் பார்த்த அன்று, ஒரு கிரேட் எண்ணிக்கையை மாற்றியதும் 331 மட்டும் மாறி, மற்ற இரண்டும் அசையாமல் நின்றன. நிறையிட்ட சராசரி என்றால் என்ன என்பது அந்த நொடியில்தான் எனக்குள் இறங்கியது.

வெளிநாட்டுத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. கணக்கில் அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்றால் கான் அகாடமி நல்லது, முழுக்க இலவசம், பயிற்சிக் கணக்குகள் நிறைய. நிரல் எழுதப் பழக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற பாடம் இருக்கிறது. கடினமானது, ஆனால் முடித்தால் அவர்கள் தளத்தில் சான்றிதழும் இலவசம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-இல் தன் வகுப்புப் பாடங்களையெல்லாம் இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்து, அப்படியே வைத்தும் வருகிறது. அங்கே பதிவு செய்யும் வேலைகூட இல்லை. கோர்சேரா, எட்எக்ஸ் இரண்டும் 2012-இல் வந்தவை. இவற்றில் சில பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், சான்றிதழுக்குக் காசு கேட்பார்கள். "ஏழு நாள் இலவசம்" என்று சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்கிற எந்தத் தளத்திலும் எண்ணைக் கொடுக்காதீர்கள். எட்டாம் நாள் பணம் தானாகப் போய்விடும். வாட்ஸ்அப்பில் வரும் "இலவச அரசுப் பயிற்சி" இணைப்புகளையும் தொடவே தொடாதீர்கள். ஸ்வயத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்றும், என்பிடெல்லின் முகவரி ஏசி டாட் இன் என்றும் முடியும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

விவசாயம் பற்றி என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலேயே இருக்கிறது. மாமரத்துக்கு என்ன, மல்பெரிக்கு என்ன என்று பயிர்வாரியாகப் படிக்கலாம். படித்ததில் சந்தேகம் வந்தால் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். இணையத்தில் படித்துவிட்டுப் போகிறவர்களின் கேள்வி கூர்மையாக இருக்கும். பதிலும் அதற்கேற்ற மாதிரி கிடைக்கும்.

ஆங்கிலம் என்ற சுவர்

நிறையப் பேர் நிற்பது இங்கேதான். பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுகிறார், அதிலும் வடநாட்டு உச்சரிப்பு, கலைச்சொல் ஒன்றும் பிடிபடவில்லை. இதற்கு நான் கண்ட வழி நம் பள்ளிப் புத்தகங்கள்.

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் எல்லாமே இணையத்தில் பிடிஎஃப் ஆக இலவசம். ஒரே புத்தகம் தமிழ் வழிக்கு ஒன்று, ஆங்கில வழிக்கு ஒன்று என்று இரண்டாக வருகிறது. இரண்டிலும் அதே பாடம், அதே எடுத்துக்காட்டு, அதே கணக்கு. நான் வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு மொழியிலும் இறக்கிக்கொண்டேன். முதலில் தமிழில் ஒரு பகுதியைப் படிப்பேன், கணக்கைப் போடுவேன். பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில். கணக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் ஆங்கில வாக்கியம் என்ன சொல்கிறது என்பது தானாகவே விளங்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, திட்ட விலக்கம் என்றால் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், நிகழ்தகவு என்றால் பிராபபிலிட்டி என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பாடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் அதிகமில்லை. அவை கைக்கு வந்துவிட்டால் வகுப்பில் பாதிக்கு மேல் காதில் விழும்.

அப்புறம்தான் என்பிடெல் காணொளி. வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து, கீழே எழுத்து வரி ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். பல பாடங்களுக்கு வகுப்பில் பேசியதை எழுத்தாக்கி, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்தும் போட்டிருக்கிறார்கள். உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று அதன் பக்கத்தில் பாருங்கள். அந்த மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். பள்ளிப் புத்தகத்துக்குத் துணையாக வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் மனதார நம்புகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களுக்குப் புது மொழி பழகுவது புதிதல்ல. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் எத்தனை பேர்! எங்கள் மண்டியில் பெங்களூரு வியாபாரியோடு கன்னடத்தில் விலை பேசுகிறவர்கள் யாரும் கன்னடப் பள்ளிக்குப் போனதில்லை. தினமும் காதில் விழுந்து, தேவைக்குப் பேசி வந்தது. ஒரே பேராசிரியரைத் தொடர்ந்து கேட்டால் அவருடைய ஆங்கிலமும் அப்படித்தான் பழகும். முதல் வாரம் மூச்சு முட்டும். அதைத் தாண்டுங்கள்.

கருவியும் நேரமும்

கைபேசியில் வகுப்பைப் பார்க்கலாம், ஆனால் பயிற்சி செய்வது சிரமம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினி பல வீடுகளில் பீரோ மேல் தூங்குகிறது. பேட்டரி போயிருக்கும். மின்சாரத்தில் செருகி வைத்தே ஓட்டலாம், லிப்ரே ஆபீஸுக்கு அது தாராளமாகப் போதும். நான் பழகியது அப்படி ஒன்றில்தான், அக்கா மகனுக்குக் கொடுத்தது.

டேட்டா பற்றிக் கவலைப்படுகிறவர்கள் காணொளியின் தரத்தைக் குறைத்து வையுங்கள். பலகை எழுத்து தெரிகிற அளவு இருந்தால் போதும். பென்னாகரம், அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்க்காரர்கள் டவுனுக்கு வருகிற நாளில் அந்த வாரத்துக் காணொளிகளை இறக்கிக்கொண்டு போங்கள். பாடக் குறிப்பு பிடிஎஃப்பையும் கூடவே இறக்கிவிடுங்கள். சின்னத் திரையில் கண் வலிக்கிறது என்றால் முக்கியமான பக்கங்களை மட்டும் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. "நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்றால் கிடைக்காது, குறிப்பாகப் பெண்களுக்கு. துணி, பாத்திரம், மாவாட்டுவது, ரேஷன் என்று அந்த நேரத்தைத் தின்ன நூறு வேலை காத்திருக்கும். எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்து வீட்டில் உரக்கச் சொல்லிவிடுங்கள். நான் சாயந்திரம் விளக்கேற்றுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் "வகுப்புல இருக்கேன்" என்பேன். ஆரம்பத்தில் மாமியாருக்கு அது விளங்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தார். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாரப் பயிற்சிக்கு வந்த மதிப்பெண்ணையும் காட்டினேன். இப்போது வருகிறவர்களிடம் அவரே "அவ பாடம் படிக்கிறா, அப்புறமா வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார். படிப்பு என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு நோட்டும் பேனாவும் மடியில் இருப்பது வீட்டாருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

காணொளியைப் பார்ப்பது படிப்பாகாது

வகுப்பு ஓடும்போது எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும். பேராசிரியர் போடும் கணக்கு வழுக்கிக்கொண்டு போகும். மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தால் கை நிற்கும். சமையல் வீடியோ பார்த்தே களி கிண்டக் கற்றுக்கொள்ள முடியாது, துடுப்பைப் பிடித்தால்தான் எங்கே கட்டி விழுகிறது என்று தெரியும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அவர் ஒரு கணக்கைப் பலகையில் எழுதி முடித்ததும், தீர்க்க ஆரம்பிக்கும் முன்பே காணொளியை நிறுத்திவிடுவேன். கணக்கை நோட்டில் எழுதி, எனக்குத் தெரிந்தவரை போட்டுப் பார்ப்பேன். முடியாவிட்டால் எந்த வரியில் நின்றேனோ அங்கே ஒரு கோடு. பிறகு காணொளியை ஓடவிட்டால், அந்தக் கோடு போட்ட இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கண் தேடும். மற்றதெல்லாம் ஏற்கனவே நம்முடையது. விடையைப் பார்த்த பிறகு கோட்டுக்குக் கீழே வேறு நிற மையில் எழுதுவேன். வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால், எந்த வகைக் கணக்கில் நிற மை அதிகம் என்பது ஒரே பார்வையில் தெரியும். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்தால் போதும். முழு வகுப்பையும் திரும்பப் பார்க்கிற வேலை மிச்சம்.

மறுநாள் காலையில் மண்டிக்குப் போகும் வழியில், முந்தின நாள் படித்ததை எதையும் பார்க்காமல் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எது வரவில்லையோ அதைக் கைபேசியில் குறித்துக்கொள்வேன். படித்ததை மறுபடி வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்ட நாள் நிற்கும். கற்றல் பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டறிந்த விஷயம் இது. அதேபோல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் மொத்தமாக உட்காருவதைவிட, அதே ஐந்து மணி நேரத்தை வாரம் முழுக்கப் பிரித்துப் படிப்பது அதிகம் தங்கும்.

எங்கேயாவது சிக்கிக்கொண்டால் என்பிடெல் பாடத்துக்குள்ளேயே கேள்வி கேட்கும் பகுதி உண்டு, உதவி ஆசிரியர்கள் பதில் எழுதுவார்கள். "புரியவில்லை" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. எத்தனையாவது வகுப்பு, எத்தனையாவது நிமிடம், நான் இதுவரை செய்தது இது, இந்த வரியில் நிற்கிறேன் என்று எழுதுங்கள். ஆங்கிலம் தப்பாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

கூடப் படிக்க ஆள் கிடைத்தால் விடாதீர்கள். பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் முடித்த பெண் ஒருத்தி என்னோடு சேர்ந்து அதே பாடத்தில் பதிவு செய்தாள். வாரம் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஒரு பகுதியைச் சொல்லிக்கொடுப்போம். ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் யாருக்காவது சொல்லுங்கள். அந்த மாரண்டஅள்ளி விவசாயிக்கு மூன்று சராசரியையும் ஒரு அட்டையில் எழுதிக் காட்டினேன். "அப்போ நான் எதைப் பார்த்து அடுத்த நடவு முடிவு பண்றது?" என்றார். விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியபோதுதான், திட்ட விலக்கம் அத்தியாயத்தை நான் இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று தெரிந்தது. படித்துவிட்டு வந்து சொன்னேன். இப்போது அவர் சீட்டு வாங்கும்போதெல்லாம் விலையோடு கிரேட் கணக்கையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். எனக்கு அது எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது.

சான்றிதழ் வேண்டுமா

படிப்பது இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். என்பிடெல்லில் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி. பதிவு செய்யும்போது அந்தப் பருவத்துக் கட்டணத்தைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு வீட்டிலிருந்து எழுதுவதல்ல, மையத்துக்கு நேரில் போய்க் கணினியில் எழுத வேண்டும், மூன்று மணி நேரம். விண்ணப்பத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். நான் சேலம் போட்டேன்.

மதிப்பெண் கணக்கு இப்படி: வாரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. பயிற்சியில் 10-க்குக் குறையாமலும் தேர்வில் 30-க்குக் குறையாமலும் எடுத்தால் சான்றிதழ். எல்லாப் பயிற்சியையும் எடுத்துக்கொள்வதில்லை. நான்கு வாரப் பாடத்தில் சிறந்த மூன்று, எட்டில் சிறந்த ஆறு, பன்னிரண்டில் சிறந்த எட்டு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் பதறவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் பயிற்சிக்கு வாராவாரம் கெடு உண்டு, தாண்டினால் திறக்காது.

என் அபிப்பிராயம்: முதல் பாடத்துக்குத் தேர்வு எழுதுங்கள். கட்டணம் கட்டியாயிற்று, தேதி குறித்தாயிற்று என்றால் கடைசி வாரங்களை விட மாட்டோம். அடுத்தடுத்த பாடங்களுக்கு உங்கள் தேவையைப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பயன்படும். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள் இடம் தருகின்றன. உங்கள் கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்கிறதா என்பதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வு விண்ணப்பத்தில் பெயரை எழுதும்போது அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது உட்பட. சான்றிதழில் வருவது நீங்கள் எழுதிய பெயர்தான். நுழைவுச் சீட்டைப் பிரிண்ட் எடுத்து, அசல் அடையாள அட்டையோடு ஒரு கவரில் முந்தின நாளே வைத்துவிடுங்கள். காலை நேரத் தேர்வு என்றால் ஒன்பது மணிக்குத் தொடங்கும். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி போய்ச் சேலம் பஸ் பிடிக்க வேண்டும், அங்கே இறங்கி மையத்தையும் தேட வேண்டும். முடிந்தால் மதிய நேரத் தேர்வாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள்.